மூன்று சிலிண்டர் இயந்திரமும் அதன் கோளாறுகளும்

மாணவர்களே, பெரோடுவா ஆக்சியா காரின் முன்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருப்பது ஜப்பானின் டைஹாட்சு நிறுவனம் வடிவமைத்த 1கேஆர் வகை இயந்திரம். 2004-ஆம் ஆண்டில் டைஹாட்சு பூன், டொயோட்டா பாசோ ஆகிய கார்களில் இவ்வகை அறிமுகமானது.

அமைப்பு

ஆக்சியாவின் இயந்திரத்தில் மூன்று சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் விட்டம் 71 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 84 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் காணும் முறையில் கணக்கிட்டால், மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 998 கன சென்டிமீட்டர் வரும்.

இது நான்கு வீச்சு இயந்திரம். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரியும். நிமிடத்திற்கு 3,000 சுழற்சி என்றால், மூன்று சிலிண்டர்களிலும் சேர்த்து விநாடிக்கு 75 முறை எரிதல் நிகழ்கிறது!

கோளாறு 1: அதிகமான அதிர்வு

மூன்று சிலிண்டர் இயந்திரத்தில் ஓரளவு அதிர்வு இயல்பே. அது திடீரெனக் கூடினால், தீப்பொறிச் செருகியோ காயிலோ பழுதடைந்திருக்கலாம். நான்கு சிலிண்டர்களில் ஒன்று செயலிழந்தால் கால்பங்கு ஆற்றல் குறையும். இங்கோ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியையும் கெடுக்கும். தேய்ந்த எஞ்சின் மவுண்டிங் ரப்பரும் அதிர்வைக் கூட்டும்.

கோளாறு 2: எண்ணெய் குறைதல்

சிறிய இயந்திரத்தில் எண்ணெய் அளவும் குறைவு. சிறு கசிவும் விரைவில் பெரிய பற்றாக்குறையாகும். எண்ணெய் குறைந்தால் உராய்வு கூடி, உள்பாகங்கள் தேயும். அளவுகோலில் மாதம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

கோளாறு 3: அதிக வெப்பம்

இதுவே மிக ஆபத்தானது. நீர் பம்பு தேய்ந்தால் குளிர்விப்பு நீர் மெல்லக் கசியும். நீர் குறைய, வெப்பம் ஏறும். சிலிண்டர்களின் மேல்மூடி அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். மிகை வெப்பத்தில் மூடி வளைந்து, இடையிலுள்ள கேஸ்கட் கிழிந்துவிடும்.

சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தால் காரை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஏன்? மூடிய அமைப்பில் அழுத்தம் கூடுவதால், நீர் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறையும். நீர் நொடியில் கொதித்து, ஆவியோடு முகத்தில் பீறிடும்.

இயந்திரம் நன்கு ஆறிய பிறகே நீரைச் சரிபார்க்க வேண்டும். கார் நின்ற இடத்தில் நீர்த்துளி தென்பட்டால், தொட்டுப் பாருங்கள். தெளிந்த நீர் என்றால் குளிர்சாதனத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் அன்றே பட்டறைக்குச் செல்ல வேண்டும். பிறகு கையைக் கழுவுங்கள். அந்தத் திரவம் நச்சுத்தன்மை உடையது.

சிந்திக்க: நிமிடத்திற்கு 4,000 சுழற்சியில் இந்த இயந்திரத்தில் விநாடிக்கு எத்தனை முறை பெட்ரோல் எரியும்?
(விடை: 100)