ஓய்வூதியமும் தேடிய தேட்டமே

மில்பிடாஸ் கிரேட் மாலுக்குப் போகாதவர் நம்மில் இல்லை. 1994இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடம் முன்பு ஃபோர்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை. 1955 முதல் 1983 வரை அங்கே கார் செய்தார்கள். தொழிற்சாலை போய்விட்டது. ஆனால் ஒருவர் உழைத்து உறுதியாக்கிக்கொண்ட ஓய்வூதிய உரிமை, கட்டடம் கடையாக மாறினாலும் அவரோடு கூடவே வரும். திருமணம் முறிந்தால் அந்த உரிமை யாருக்கு, எவ்வளவு, எப்படி என்பதே இந்த இதழில் நாம் எடுத்துக்கொண்ட பாடம். கோயில் மலரில் இது வேண்டுமா என்று சிலர் தயங்கினார்கள். வேண்டும் என்று நாம் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வழக்கம்போல மண்டபத்தின் பின்பக்க மேசையில் வரிப் படிவங்களோடு இருந்தோம். அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். பதினேழு வருட மணவாழ்வு முடிந்து பதினொரு வருடமாகியிருந்தது. ஓய்வூதியத்தில் அவருக்குரிய பாதி அவருக்கே என்று விவாகரத்துத் தீர்ப்பில் தெளிவாக எழுதியிருந்தது. முன்னாள் கணவர் இளைப்பாறியபோது தம் ஆயுள் மட்டும் வரும் ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு வருடத்தில் காலமானார். கடிதம் சொன்னது இதுதான்: எங்கள் கோப்பில் உங்கள் பெயரில் எந்த ஆணையும் இல்லை, அவருடைய ஓய்வூதியம் அவரோடு முடிந்துவிட்டது.

"தம்பி, பாதி எனக்கு எண்டு கோட்டுத் தீர்ப்பிலையே கிடக்குது. பிறகேன் இல்லையெண்டு எழுதியிருக்கினம்?"

ஒன்பது வருடமாக அவருடைய வரிப் படிவங்களை நிரப்பியவர்கள் நாம். அந்த ஆணை அனுப்பியாயிற்றா அக்கா என்று ஒருமுறையாவது கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தவருக்குக் கலிபோர்னியாச் சட்டத்தின் அடிப்படை புதிதல்ல. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரித்தது. கணவனும் மனைவியுமாக இருந்த காலத்தில் தேடியது இருவருக்கும் உரியது. கலிபோர்னியாவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. கலியாணத்துக்கு முன் உள்ளதும் முதுசமாக வந்ததும் தனிச்சொத்து. திருமண காலத்து உழைப்பால் வந்தது பொதுச்சொத்து, பாதி பாதி. ஓய்வூதியம் என்பது பிந்திக் கிடைக்கும் சம்பளம். ஆகவே அதுவும் தேடிய தேட்டமே. யாருடைய பெயரில் இருக்கிறது என்பது கேள்வியல்ல.

இது இங்கேயும் இலகுவில் ஏற்றுக்கொள்ளப்பட்டதல்ல. உறுதியாகாத ஓய்வூதியம் வெறும் எதிர்பார்ப்பு, அதைப் பிரிக்க முடியாது என்று 1941ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று சொல்லியிருந்தது. 1976இல் பிரவுன் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிரவுன் ஒரு தொலைபேசி நிறுவன ஊழியர். அந்த நிறுவனத்தில் வயதையும் சேவையையும் கூட்டிப் புள்ளி கொடுப்பார்கள். 78 புள்ளி சேர்ந்தால்தான் உரிமை உறுதி. இருபத்துமூன்று வருட மணவாழ்வுக்குப் பின் 1973இல் பிரிந்தபோது அவரிடம் 72 புள்ளிகள் இருந்தன. ஆறு புள்ளி குறைந்ததற்காக மனைவிக்கு ஒன்றுமில்லையா? உறுதியாகாத உரிமையும் சொத்துத்தான் என்றது நீதிமன்றம்.

பங்கு கணக்கிடும் முறை மிக எளிது. மாத ஓய்வூதியம் தரும் திட்டமானால், திருமண காலத்துக்குள் விழுந்த சேவை மாதங்களை மொத்தச் சேவை மாதங்களால் வகுத்து, வருவதில் பாதி எடுக்க வேண்டும். ஒருவர் 300 மாதம் வேலை செய்தார், அதில் 180 மாதம் மணவாழ்வுக் காலம் என்றால் 60 நூற்றுவீதம் பொதுச்சொத்து. மற்றவருக்கு 30 நூற்றுவீதம். ஓய்வூதியம் மாதம் 3,000 டொலர் என்றால் 900 டொலர்.

இங்கே கணக்கு முடியும் நாள் விவாகரத்து நாளல்ல, பிரிந்த நாள். அதற்குப் பிந்திய உழைப்பு அவரவருடையது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிரிந்ததாகச் சொல்ல முடியாது என்று 2015இல் தீர்ப்பு வந்தது. இந்தப் பகுதி வீட்டு வாடகையை அறிந்தவர்களுக்கு அதன் கஷ்டம் விளங்கும். 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, உறவு முடிந்தது என்ற எண்ணத்தை ஒருவர் மற்றவருக்குத் தெரிவித்து, அதற்கேற்ப நடந்திருந்தால் போதும். அந்தத் தேதியை எழுத்தில் வைத்திருங்கள்.

401கே போன்ற கணக்கானால் மதிப்பு அறிக்கையிலேயே இருக்கும். சிக்கல் கலியாணத்துக்கு முன்பு சேர்த்த பணத்தில்தான். அன்று 20,000 டொலர் இருந்து, அது தானாக வளர்ந்து இன்று 50,000 ஆனது என்றால் அந்த 50,000மும் தனிச்சொத்து. கணக்கில் 350,000 இருந்தால் பிரிக்க வேண்டியது 300,000. ஆனால் பழைய அறிக்கையைக் காட்டி நிறுவ வேண்டியது அதைத் தமதென்பவரின் பொறுப்பு. பலர் வீடு மாறும்போது முதலில் எறிவது அந்தக் கடதாசிகளைத்தான்.

இனி நம்மவர் அடிக்கடி செய்யும் பண்டமாற்று: பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வீடு மனைவிக்கு, ஓய்வூதியம் முழுவதும் கணவனுக்கு. இதற்கு ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு வேண்டும். அதை மதிப்பிடுவது ஆக்சுவரி எனப்படும் கணிப்பாளரின் வேலை. அவர் எந்த வட்டிவீதத்தை எடுக்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள். பதினைந்து வருடம் கழித்து வரும் 1,000 டொலர், 3 நூற்றுவீதத்தில் இன்று 642 டொலர். 6 நூற்றுவீதத்தில் 417 மட்டுமே. வீதத்தை உயர்த்தினால் ஓய்வூதியம் சிறுத்துவிடும். வரியும் உண்டு. 401கேயில் உள்ள ஒரு லட்சம் இன்னும் வரி கட்டாத லட்சம். வீட்டில் உள்ள லட்சம் அப்படியல்ல. இரண்டையும் சமமாக எழுதிய ஒப்பந்தங்களை நாம் பார்த்திருக்கிறோம். எம் அபிப்பிராயத்தில், வயது ஐம்பதைத் தாண்டியவர் வீட்டுக்காக ஓய்வூதியத்தை முழுவதும் கைவிடுவது பெரும்பாலும் தவறு. கூரையிலிருந்து மாதச் செலவுக்குப் பணம் வராது.

இளைப்பாற வயது வந்த பின்னும் ஒருவர் வேண்டுமென்றே வேலையில் தொடர்ந்தால்? 1981இல் கில்மோர் வழக்கில் இதே கேள்வி எழுந்தது. மனைவி தம் பங்கை அப்போதே கேட்கலாம், கணவரின் விருப்பத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது விடை.

இனி அக்காவுக்கு நடந்ததற்கு வருவோம். தனியார் நிறுவன ஓய்வூதியங்களை ஆள்வது 1974ஆம் ஆண்டின் எரிசா என்னும் மத்திய சட்டம். அதன்படி திட்டப் பணம் ஊழியருக்குத்தான் போகலாம். 1984இல் கொண்டுவந்த திருத்தம் ஒரே ஒரு கதவைத் திறந்தது: குவாட்ரோ என்று சட்டத்தரணிகள் சொல்லும் தனி ஆணை. விவாகரத்துத் தீர்ப்பு கணவன் மனைவிக்கு இடையிலானது. குவாட்ரோ திட்டத்துக்குப் போகும் கட்டளை. இருவரின் பெயர், முகவரி, திட்டத்தின் சரியான பெயர், தொகை அல்லது வீதம், எவ்வளவு காலத்துக்கு என்பன அதில் இருக்க வேண்டும். முதலில் வரைவைத் திட்டத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லி, பிறகு நீதிபதியின் கையெழுத்து வாங்கி, அத்தாட்சிப் பிரதியை அனுப்பி, ஏற்றுக்கொண்டோம் என்ற பதில் கடிதத்தைப் பெற வேண்டும். அந்தக் கடிதம் கையில் வரும்வரை வேலை முடியவில்லை. ஊழியர் முந்தி இறந்தால் முன்னாள் துணையை எஞ்சிய துணையாகக் கொள்ள வேண்டும் என்ற வாசகமும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர் மறுமணம் செய்து இளைப்பாறும்போது அந்த உரிமை புதிய துணைக்குப் போய்விடக்கூடும். தீர்ப்பு வர முன்னரே ஓய்வூதியத் திட்டத்தை வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது.

அவசரத்துக்குப் பணம் தேவையானவர்கள் ஒன்றைக் கவனிக்க. குவாட்ரோவின் கீழ் 401கேயிலிருந்து நேரே எடுத்தால் வருமான வரி உண்டு, ஆனால் 59½ வயதுக்கு முன் எடுப்பதற்கான 10 நூற்றுவீதத் தண்டம் இல்லை. அதை ஐ.ஆர்.ஏ. கணக்குக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடுத்தால் தண்டமும் வரும். முன்பே ஐ.ஆர்.ஏ.யில் இருக்கும் பணத்தைப் பிரிக்கக் குவாட்ரோ தேவையில்லை. விவாகரத்துத் தீர்ப்பின்படி கணக்கிலிருந்து கணக்குக்கு நேரே மாற்றினால் போதும்.

கல்பர்ஸ் போன்ற மாநில அரச ஊழியர் திட்டங்களுக்கு எரிசா பொருந்தாது. அவற்றுக்கென்று வேறு ஆணை மாதிரிகள் உண்டு. டெக்சாஸ், நியூ ஜெர்சி உறவினர்களுக்கு: அங்கே பாதி என்பது விதியல்ல, நீதிபதி நியாயம் பார்த்துப் பிரிப்பார், ஆனால் தனியார் திட்டங்களுக்குக் குவாட்ரோ எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். கலியாணம் முடித்தபின் கொழும்பிலோ சென்னையிலோ சேர்த்த சேமலாப நிதியையும் விவாகரத்தின்போது கலிபோர்னியா பொதுச்சொத்துப் போலவே கணக்கில் எடுக்கும். அங்குள்ள அலுவலகம் இங்குள்ள ஆணையைக் கேளாது. ஆகவே அதற்கு ஈடாக இங்குள்ள சொத்தில் கழிக்கச் சொல்லுங்கள்.

மறுபக்கத்து ஆபத்தும் உண்டு. 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கென்னடி வழக்கில், ட்யூபான்ட் ஊழியர் ஒருவரின் மனைவி விவாகரத்தில் தம் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தார். கணவரோ பெறுநர் படிவத்தில் அவர் பெயரை மாற்றாமலே இறந்தார். சுமார் 4 லட்சம் டொலர் முன்னாள் மனைவிக்கே போனது சரி என்றது நீதிமன்றம். திட்டம் பார்ப்பது தன் கோப்பில் உள்ள படிவத்தைத்தான்.

அக்காவின் ஓய்வூதியத்தை எம்மால் மீட்க முடியவில்லை. மிஞ்சியது சமூகக் காப்புப் பணம். அதை நீதிமன்றம் பிரிப்பதில்லை; ஆனால் பத்து வருடம் மணவாழ்வு இருந்து, அறுபது வயதுக்கு முன் மறுமணம் செய்யாதவர், இறந்துபோன முன்னாள் துணையின் கணக்கில் அறுபது வயதிலிருந்து கேட்கலாம். இங்கே பத்து வருடம் என்பது பிரிந்த நாள் வரையல்ல, விவாகரத்து முடிந்த நாள் வரை. ஒன்பதாவது வருடத்தில் அவசரப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க. யாழ்ப்பாணத்தில் எடுத்த திருமணப் பதிவுச் சான்றிதழின் மொழிபெயர்ப்போடு அக்காவை அலுவலகத்துக்குக் கூட்டிச் சென்றோம். நான்காவது மாதம் முதல் தொகை வந்தது. இப்போது மாசி மாதம் மேசைக்கு வருபவர்களிடம் வரிப் படிவத்தைத் தொடுமுன், விவாகரத்து ஆனவரா, ஆணை அனுப்பினீர்களா, பதில் கடிதம் எங்கே என்று கேட்கிறோம். சிலருக்கு அது பிடிப்பதில்லை.