தன்னியக்கமும் சமநிலையும்
கணினிக் கட்டட விளையாட்டும் தேயிலைத் தொழிற்சாலையும் புகட்டும் ஒரு பாடம்

முன்னுரை

இற்றை நாள் மாணவர் கணினியில் ஆடும் விளையாட்டுக்கள் பலவகைப்படும். பகைவரைச் சுட்டு வீழ்த்துவன சில. பந்தயத்தில் முந்துவன சில. இவற்றின் வேறாய ஒரு வகையும் உண்டு. பரந்த நிலமொன்றைத் தந்து, வேண்டியதைக் கட்டிக்கொள்க என்று ஆடுவோனை அவன் போக்கில் விட்டுவிடும் வகை அது. அதற்கு முடிவு கிடையாது; வெற்றி இன்னதென்பதையும் ஆடுவோனே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். பெற்றோர் இதனைக் காலவிரயம் என்பர். பிள்ளைகள் கல்வி என்பர். வழக்கில் இரு திறத்தார் பக்கமும் நியாயம் உண்டு.

இவ்விளையாட்டினுள் பொதிந்து கிடக்கும் பாடத்தை முறைப்பட எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். மனிதன் கையாற் செய்ததைப் பொறி தானாகச் செய்யுமாறு அமைத்தல் தன்னியக்கம் எனப்படும். ஒரு நன்மைக்கு அதற்கேற்ற விலை இருக்குமாறு விதிகளை வகுத்தல் சமநிலை எனப்படும். பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கு வரும் பாதையில் தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இவ்விரண்டும் புதியன அல்ல. விளையாட்டிற் கண்டதைத் தொழிற்சாலையோடும், தொழிற்சாலையிற் கண்டதை மலைச்சரிவோடும் ஒப்பிட்டு நோக்குவாம்.

1. விளையாட்டும் அதன் மாற்றங்களும்

இவ்வகை விளையாட்டுக்களுள் முதன்மையானது மைன்கிராஃப்ட். சுவீடன் நாட்டினராகிய மார்க்கஸ் பெர்சன் இதனை 2009ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கினார். 2011ஆம் ஆண்டு நவம்பரில் இதன் முழுப் பதிப்பு வெளிவந்தது. 2014ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இதனை 250 கோடி டொலருக்கு வாங்கியது. இதன் உலகம் முழுவதும் கனசதுரக் கட்டிகளால் ஆனது. மண்ணைத் தோண்டலாம், மரம் வெட்டலாம், தாதை உருக்கலாம், வீடும் கோட்டையும் எழுப்பலாம்.

இவ்விளையாட்டின் பெருமைக்கு ஒரு காரணம், ஆடுவோரே அதன் விதிகளை மாற்றிப் புதியன சேர்க்க வழியிருந்தமையாகும். அங்ஙனம் சேர்க்கப்படுபவற்றை மொட் என வழங்குவர். பில்ட்கிராஃப்ட் என்னும் மொட், பொருள்களை இடத்துக்கிடம் கொண்டுசெல்லும் குழாய்களையும், குறித்த நிலத்தை அடிப்பாறை வரையும் தானே தோண்டும் பொறியையும் தந்தது. இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட் மின்சாரத்தைத் தந்தது. இவற்றின் வழிநின்று, தன்னியக்கத்தையே முழுப்பொருளாகக் கொண்ட ஃபேக்டோரியோ என்னும் தனி விளையாட்டைச் செக் நாட்டுப் பிராக் நகரத்தில் உள்ள வூப் நிறுவனம் ஆக்கி, 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முழுமைப்படுத்தி வெளியிட்டது.

2. வீதக் கணக்கு

தன்னியக்கத்தின் அடிப்படை வீதக் கணக்கேயாம். ஓர் எடுத்துக்காட்டு: மைன்கிராஃப்டில் ஓர் உலை ஒரு பொருளை உருக்க 10 நொடி கொள்ளும். ஹாப்பர் எனப்படும் ஊட்டுபெட்டி நொடிக்கு 2.5 பொருளை நகர்த்தும். ஆகவே 10 நொடியில் அது நகர்த்துவது 25 பொருள். ஓர் ஊட்டுபெட்டியின் முழு வேகத்துக்கும் ஈடுகொடுக்க 25 உலைகள் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். உலை பத்தே இருப்பின் ஊட்டுபெட்டி தேங்கி நிற்கும். நாற்பது இருப்பின் பதினைந்து உலைகள் வெறுமனே கிடக்கும். ஒரு துண்டு நிலக்கரி 8 பொருளை உருக்கும் என்பதால், மணிக்கு 9000 பொருளை உருக்க 1125 துண்டு நிலக்கரி வேண்டும் என்பதும் கணித்தறியத் தக்கது.

ஃபேக்டோரியோவிற் கணக்கு ஒருபடி மேலே செல்லும். அங்கு ஒரு மின்சுற்றுப் பலகை செய்ய 3 செப்புக் கம்பி வேண்டும். ஒரு பொறி ஒரு முறைக்கு 2 கம்பி தரும். பலகை செய்யும் நேரமும் கம்பி செய்யும் நேரமும் ஒன்றே. எனவே பலகைப் பொறி இரண்டுக்குக் கம்பிப் பொறி மூன்று என்னும் விகிதமே தேக்கமும் வெறுமையும் இன்றி நடைபெறும். இதனை எவரும் கரும்பலகையில் எழுதிக் காட்டாமலே, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிறது. பொறிகள் தொடராக நிற்கும்போது, முழுத் தொடரின் வேகமும் அவற்றுள் மந்தமானதன் வேகமே என்னும் உண்மையையும் அது உணர்ந்துகொள்கிறது.

3. சமநிலை குலையுமாறு

ஈக்விவலன்ட் எக்ஸ்சேஞ்ச் என்றொரு மொட் உண்டு. அது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மதிப்பெண் வைத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்ற இடந்தந்தது. சாதாரணக் கல்லின் மதிப்பு 1. வைரத்தின் மதிப்பு 8192. எண்ணளவில் இது நேர்மையான பரிவர்த்தனையே. ஆயின் மைன்கிராஃப்டில் நீரும் எரிமலைக் குழம்பும் சந்திக்குமிடத்தில் கல் ஓயாது பிறக்கும். அதனைப் பெயர்த்தெடுக்கும் பொறியை வேறொரு மொட்டிலிருந்து கொணர்ந்து பொருத்தினால், மேற்சொன்ன ஊட்டுபெட்டியின் வேகத்தில் 55 நிமிடத்துக்கு ஒரு வைரம், ஆடுவோன் உறங்கும்போதும் விளைந்துகொண்டேயிருக்கும்.

இங்கு நிகழ்ந்தது யாது? இரு மொட்டுகளும் தனித்தனியே தீங்கற்றவை. முடிவில்லா ஊற்றும் தடையில்லா மாற்றும் ஒன்றுகூடியபோது வைரம் தன் விலையை இழந்தது. அதனோடு, அதனைத் தேடி இருண்ட சுரங்கத்துள் இறங்கும் காரணமும் போயிற்று. வேண்டியன யாவும் கிட்டிய மறுவாரமே ஆடுவோன் சலிப்புற்று விளையாட்டைக் கைவிட்டான். சமநிலை குலைந்ததற்கு இச்சலிப்பே சான்று.

இதற்கு மாறாகக் கிரெக்டெக் என்னும் மொட் எல்லாவற்றையும் கடினமாக்கிற்று. ஒரு மரக்குற்றியைக் கையாற் பிளந்தால் நான்கு பலகைக்குப் பதில் இரண்டே கிடைக்கும். நான்கும் வேண்டின் முதலில் ஈர்வாள் செய்தல் வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் முன்னே பல படிகள். இதனைக் கொடுமை என்றாரும் உளர். உழைப்பின் பயனை உணர்த்துவது என்றாரும் உளர். விலையின்மையும் அளவுமீறிய விலையும் ஆகிய இரண்டு எல்லைக்கும் இடையே ஒரு நிலையைத் தெரிந்துகொள்வதே விதி செய்வோன் தொழில்.

ஃபேக்டோரியோவில் ஒரு நுட்பம் போற்றத்தக்கது. அங்குப் பொறிகள் புகையைக் கக்கும்; புகை பரந்து அயலிடத்து உயிரினங்களை எட்டினால் அவை திரண்டுவந்து தாக்கும்; மரங்கள் புகையை உறிஞ்சிக் காக்கும். தொழிற்சாலை பெருகப் பெருக அதன் தீங்கும் அதன் வாயிலுக்கே திரும்பி வருகிறது. செய்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்னும் விதி இது.

4. தேயிலைத் தொழிற்சாலையில் இதே கணக்கு

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட தொடக்க காலத்தே, கொழுந்து கையால் உருட்டப்பட்டது. பின்னர் வில்லியம் ஜாக்சன் ஆக்கிய உருட்டும் பொறியும், பெல்ஃபாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் ஆக்கிய சிரொக்கோ உலர்த்தியும் வந்தன. வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடல், உலர்த்துதல், அரித்துத் தரம் பிரித்தல் என ஐந்து படியாக வேலை ஒழுங்குபட்டது. வாட்டும் தளங்களை மேல்மாடிகளில் அமைத்து, வாடிய கொழுந்தைக் கீழே உருட்டும் பொறிக்கு இறக்கினர். புவியீர்ப்பே அங்குக் கூலியில்லா வேலையாள்.

விளையாட்டின் வீதக் கணக்கு இங்கும் அப்படியே பொருந்தும். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஓர் உலர்த்தி மணிக்கு 200 கிலோ தேயிலை தருமெனக் கொள்வோம். அது உண்ணும் பச்சைக் கொழுந்து மணிக்கு 900 கிலோ. விளைச்சல் மிகுந்த ஒரு நாளில் 18,000 கிலோ கொழுந்து வந்திறங்கினால் உலர்த்தி 20 மணி நேரம் ஓயாது இயங்குதல் வேண்டும். உருட்டும் பொறியை இரட்டித்தாலும் பயனில்லை. மந்தமான படி உலர்த்தியே.

ஆயினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. விளையாட்டில் மிகுந்த பொருளைப் பெட்டியில் இட்டால் அது ஆண்டுக்கணக்காக அப்படியே இருக்கும். கொழுந்தோ உயிருள்ள பொருள். குவித்து வைத்தால் வெப்பமேறிச் சிவந்து கெடும். நொதித்தல் எனப்படுவதும் உண்மையில் ஒட்சியேற்றமே. உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்த கணத்திலிருந்து அது தொடங்கிவிடும். உரிய வேளையில் உலர்த்தியின் வெப்பத்தால் அதனை நிறுத்தாவிடில் தேயிலை தன் சுவையை இழக்கும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று வாட்டுதலின் வேகத்தையே மாற்றிவிடும்; ஊவாத் தேயிலைக்குப் பேர் பெற்றுத் தரும் தனி மணமும் அக்காலத்ததே. ஆகவே டீமேக்கர் பொறியின் எண்களோடு இலையின் மணத்தையும் நிறத்தையும் தொட்டும் முகர்ந்தும் அறிந்தே முடிவு செய்கிறார். கணக்கு முடியுமிடத்திற் பக்குவம் தொடங்குகிறது.

5. விளையாட்டு விட்டுவிடும் கணக்கு

தொழிற்சாலைக்குள் இத்தனை பொறி வந்தும், தொழிற்சாலைக்கு வெளியே மலைச்சரிவில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து பறிப்பது பெரும்பாலும் இன்னும் பெண்களின் விரலே. யப்பானில் இயந்திரங்கொண்டு அறுவடை செய்கின்றனர். நம் தோட்டங்களிலும் கத்தரிக்கோலும் சிறு பறிக்கும் பொறியும் புகுந்துள்ளன. பொறி விரைவாகப் பறிக்கும். ஆனால் தளிரையும் முற்றிய இலையையும் பிரித்தறியாது. விரல் பிரித்தறியும், ஆனால் அதற்குக் களைப்பு உண்டு.

ஈண்டு நாம் கேட்கவேண்டிய வினா ஒன்று உளது. விளையாட்டில் ஒரு பொறியைப் பொருத்தினால் மிச்சமாகும் நேரம் ஆடுவோனுக்கே உரியது. தோட்டத்தில் ஒரு பொறி வந்தால் மிச்சமாகும் நேரம் எவர்க்கு உரியது? பறிப்பவர் முன்னேரத்தில் வீடு திரும்புவரா? அன்றி, அதே நேரத்தில் இருமடங்கு நிறை கேட்கப்படுமா? அன்றி, பாதிப்பேர்க்கு வேலையே இல்லையாகுமா?

இவ்வினா கற்பனையன்று. 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாகச் சம்பளச் சபையின் வழி விதிக்கப்பட்டது. அதன்பின் ஒரு முழுப் பேருக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை பல தோட்டங்களில் உயர்த்தப்பட்டதெனத் தொழிலாளர் முறையிட்டனர். நிறை குறைந்தால் அரைப் பேர் என்பது நாமெல்லோரும் அறிந்த வழக்கு. விளையாட்டு மொழியிற் சொன்னால், ஒரு விதியை ஒருவர்க்கு நன்மையாக மாற்ற, வேறொரு விதி மறுபுறம் மாறி அந்நன்மையை விழுங்கிற்று. இதற்கும் ஒருசாரார் சமநிலை என்றே பெயரிடுவர். தேயிலையின் விலைக்கும் உற்பத்திச் செலவுக்கும் ஈடு காணவேண்டும் என்பது அவர் வாதம். அவ்வாதத்திற் கணக்கு இல்லாமலில்லை. ஆயின் ஈட்டின் ஒரு தட்டில் எண் மட்டும் இருக்க, மறு தட்டில் ஒருத்தியின் முதுகும் முழங்காலும் இருப்பதைக் கணக்கிற் சேர்க்காதார் துலாக்கோலைச் சரியாகப் பிடித்தவர் ஆகார்.

மொட் செய்வோன் விதியைத் தவறாக வைத்தால், ஆடுவோர் அதனை நீக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொள்வர். தோட்டத்தில் விதியை வைப்போர் வேறு, அதன்படி நடப்போர் வேறு. நடப்போர்க்கு விளையாட்டை மூடிவிட்டு எழுந்துபோகும் வசதியும் இல்லை. இவ்வேற்றுமையை மறந்து, விளையாட்டிற் கற்ற கணக்கை மட்டும் உலகிற்குப் பொருத்துவோன் திறமையான பொறியியலாளன் ஆகலாம். நீதியுள்ள நிருவாகி ஆகமாட்டான்.

முடிவுரை

நம் மாணவருள் பலர் கொழுந்துக்கூடை சுமந்தவரின் மக்கள். அவருட் சிலர் நாளை பொறியியலாளராகவும், கணினி வல்லுநராகவும், தோட்ட அதிகாரிகளாகவும் வருவர். பறிக்கும் பொறியை வடிவமைக்கும் வாய்ப்பும், நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று எழுதும் பேனாவும் அவர் கைக்கு வரலாம். அன்று அவர் மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்டுக்கொள்ளல் நன்று: இத்தொடரில் மந்தமான படி எது? இதன் செலவு எவர் தலையில் விழுகிறது? மிச்சமாகும் நேரம் எவர்க்குச் சேர்கிறது? முதல் வினாவுக்கு விடை காண விளையாட்டு நன்கு பழக்கும். இரண்டாவதைச் சிறிதளவு சுட்டிக்காட்டும். மூன்றாவதைக் கற்பிக்க வேண்டியவை வீடும் கல்லூரியுமே.

பயிற்சி

1. ஃபேக்டோரியோவில் ஒரு கல் உலை ஒரு தகட்டை உருக்க 3.2 நொடி கொள்ளும். ஒரு சாதாரணப் பட்டி நொடிக்கு 15 தகடு சுமக்கும். பட்டியை முற்றாக நிரப்ப எத்தனை உலைகள் வேண்டும்? (விடை: 48)

2. மேலே காட்டிய உலர்த்திக் கணக்கில், நாளொன்றுக்கு 16 மணி நேரமே உலர்த்தி இயங்குமாயின் ஏற்றுக்கொள்ளத்தக்க பச்சைக் கொழுந்து எவ்வளவு? (விடை: 14,400 கிலோ) மிகுதி 3600 கிலோவை யாது செய்வீர் என்பதையும் ஆராய்க.

3. பறிக்கும் பொறியொன்றை உமது தோட்டத்திற் புகுத்துவதாயின், அதனால் மிச்சமாகும் நேரத்தைப் பங்கிடுதற்கு ஒரு விதி எழுதுக. அதனை முதலில் உம் அன்னையிடம் படித்துக் காட்டுக.