அறுந்த இழை தளிர்க்கும்

நுழையும்முன்

கோவை என்றதும் பஞ்சாலைகளும் விசைத்தறிகளும் பம்புசெட்டுத் தொழிற்கூடங்களும் நினைவுக்கு வரும். அவற்றை இயக்குவது உழைப்பாளியின் கை. அந்தக் கையை இயக்குவது கண்ணுக்குப் புலப்படாத நரம்புச் செல். அச்செல்லின் அமைப்பையும் செயலையும், அதன் இழை அறுந்தபின் மீண்டும் வளரும் விந்தையையும் இப்பாடம் விளக்குகிறது.

நூலும் நரம்பும்

கோவையில் 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகள் நிறைந்தன. நூற்பாலையில் நூல் அறுந்தால், தொழிலாளி விரல்நுனியால் இரு முனைகளையும் நொடிப்பொழுதில் இணைத்துவிடுவார். அவ்விரலுக்குச் செல்லும் நரம்பே எந்திரத்தில் சிக்கி அறுந்தால், அதனை அவ்வாறு இணைத்துவிட இயலாது. உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும். இவ்வேறுபாட்டின் காரணம் நரம்புச் செல்லின் அமைப்பில் உள்ளது.

நீண்ட செல்

கைவிரல்களை அசைக்கும் சிறு தசைகளுக்குரிய நரம்புச் செல்லின் உடலம் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் உள்ளது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை. டெண்ட்ரைட்டுகள் எனப்படும் கிளைகள் வழியாக அது பிற செல்களின் செய்திகளைப் பெறுகிறது. அதிலிருந்து புறப்படும் ஆக்சான் என்னும் ஒற்றை இழையோ தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றைக் கடந்து ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீள்கிறது. ஸ்வான் செல்கள் அவ்விழையைச் சுற்றி மையலின் உறையை அமைக்கின்றன. இத்தகைய இழைகள் பல்லாயிரம் சேர்ந்த கற்றையே நரம்பு.

செய்தி செல்லும் முறை

ஓய்வு நிலையில் ஆக்சானின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் அளவு எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். தூண்டல் ஏற்பட்டதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அடுத்துப் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. இந்த மின்மாற்றம் இழைநெடுகப் பரவுவதே நரம்புத் தூண்டல். மையலின் உறையுள்ள தடித்த இழைகளில் அது நொடிக்கு 50 மீட்டருக்கும் விரைவாகச் செல்லும். உறையற்ற மெல்லிய வலியிழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவே செல்லும். கால்விரல் கல்லில் இடறும்போது மோதல் முதலில் உணரப்படுவதும், ஆழ்ந்த வலி சற்றுப் பின்னர் வருவதும் இதனால்தான். இழையின் முடிவில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் தசையைச் சுருங்கச் செய்கிறது.

அறுந்தபின் நிகழ்வது

இழை அறுந்தால், செல் உடலத்தின் தொடர்பை இழந்த பகுதி சிதைந்துவிடுகிறது. ஆங்கிலேய அறிஞர் அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நரம்புகளில் இதனைக் கண்டறிந்தார். ஆயினும் ஸ்வான் செல்கள் அழிவதில்லை. அவை சிதைவுகளை அகற்றி, வெற்றுக் குழாய்களைப் போல் வழியமைத்துக் காத்திருக்கின்றன. உயிருடன் உள்ள உடலம் புதிய முனையைத் தளிர்க்கச் செய்கிறது. அத்தளிர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது.

மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 18 சென்டிமீட்டர் எனக் கொண்டால், பயணத்துக்கு ஆறு மாதம் தேவை. தோளருகே அறுந்தால் ஆண்டுகள் ஆகும். அதற்குள் செய்தி கிட்டாத தசைகள் மெலிந்து, மீளும் திறனை இழக்கக்கூடும். எனவேதான் காலம் தாழ்த்தாத மருத்துவம் கையைக் காக்கிறது.

நுண்தையல்

கோவையில் 1978இல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனை, கை நுண்ணறுவை மருத்துவத்தில் உலகறிந்த மையமாகும். மருத்துவர் எஸ். ராஜா சபாபதி இத்துறையில் புகழ்பெற்றவர். இத்தகைய அறுவையில், நுண்ணோக்கியின் துணையுடன் தலைமுடியினும் மெல்லிய இழையால் நரம்பின் மேலுறை தைக்கப்படுகிறது. மருத்துவர் இணைப்பது உறையை மட்டுமே. உள்ளிருக்கும் ஆக்சான்கள் தாமே வளர்ந்து வழி காண வேண்டும். இடைவெளி மிகுந்தால், காலிலிருந்து எடுத்த உணர்வு நரம்பொன்று பாலமாகப் பொருத்தப்படும்.

வலி என்னும் காவல்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் குறைவதை ஆராய்ந்தார். நோய் நேரடியாக விரல்களைத் தின்பதில்லை; நரம்புகள் பாதிக்கப்பட்டு வலியுணர்வு மறைவதால், அறியாமல் நேரும் காயங்களே விரல்களைச் சிதைக்கின்றன என அவர் எடுத்துக்காட்டினார். தைத்த நரம்பு வளர்ந்து முடியும்வரை உழைப்பாளியின் விரலும் அதே நிலையில்தான் இருக்கிறது. சூடான பாத்திரமும் கூரிய தகடும் அதற்குத் தெரியா. அக்காலத்தில் கண்ணே விரலுக்குக் காவல். இடைவிடாத பயிற்சி மூட்டுகளை இறுகாமல் காக்கிறது. நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக உள்ளே தளிர் நகர, வெளியே பொறுமையுடன் கையைப் பேணுவோர்க்கே உழைக்கும் கை திரும்பக் கிடைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

துண்டான விரலைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையிலிட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். விரல் பனிக்கட்டியை நேரடியாகத் தொடக்கூடாது.

கற்பவை கற்றபின்

1. முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளத்தை அளந்து, அறுந்த நரம்பு அத்தொலைவு வளர எத்தனை நாளாகும் எனக் கணக்கிடுக.
2. உங்கள் ஊர்த் தொழிற்கூடங்களில் கைகளைக் காக்கப் பின்பற்றும் முறைகளைத் தொகுத்து வகுப்பறையில் உரையாற்றுக.