ஒரு மைல் ஓட என்ன செலவு?

வாகனம் வைத்திருப்பவரிடம், "சந்தைக்குப் போய்வர என்ன செலவு?" என்று கேட்டால், "இரண்டு லீற்றர் டீசல்" என்பார். அது பாதிக் கணக்குத்தான். மீதிப் பாதி எங்கே போகிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் வருமானவரி விதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த விதி அங்கே வரி கட்டுபவர்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கு, வாகனம் வைத்திருக்கும் எவருக்கும் உதவும்.

விதி என்ன?

அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர், விவசாயி உட்பட, தமது காரையோ வானையோ பிக்கப்பையோ தொழிலுக்கு ஓட்டினால், அச்செலவை வருமானத்திலிருந்து கழித்து மிகுதிக்கு வரி கட்டலாம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

1. எரிபொருள், திருத்தவேலை, காப்புறுதி, தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, அதில் தொழிலுக்கு உரிய பங்கைக் கழித்தல்.

2. தொழிலுக்காக ஓடிய மைல்களை அரசு அறிவிக்கும் ஒரே வீதத்தால் பெருக்கிக் கழித்தல். இதுவே நியம மைல் வீதம். 2024இல் இது மைலுக்கு 67 சதம். 2025இல் 70 சதம்.

உதாரணமாக, ஒரு விவசாயி 2025இல் தமது பிக்கப்பை 12,000 மைல் ஓட்டினார் என்போம். அதில் விதை வாங்கவும் விளைச்சலை விற்கவும் ஓடியது 5,000 மைல். இதை 70 சதத்தால் பெருக்கினால் 3,500 டொலர். இத்தொகை அவர் கைக்குத் திரும்பி வராது. 3,500 டொலர் வருமானத்துக்கு வரி இல்லை என்பதே பொருள். வருமானவரி நூற்றுக்கு 12 என்றால், அவருக்குக் குறையும் வரி 420 டொலர்.

இந்த வீதத்துக்குள் எரிபொருள், ஒயில், டயர், திருத்தவேலை, காப்புறுதி, தேய்மானம் எல்லாம் அடங்கும். ஆகவே அவற்றை மறுபடியும் தனியாகக் கழிக்க முடியாது. தொழிற் பயணத்தில் கட்டிய பாதைக் கட்டணத்தையும் தரிப்பிடக் கட்டணத்தையும் மேலதிகமாகச் சேர்க்கலாம். வீட்டிலிருந்து வழக்கமான வேலைத்தலத்துக்குப் போய்வரும் தூரம் கணக்கில் சேராது. சொந்த வாகனமானால், அதைத் தொழிலில் இறக்கிய முதல் வருடத்திலேயே இவ்வழியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

2025இன் 70 சதத்தில் 33 சதம் தேய்மானத்துக்கு உரியது. ஏறக்குறையப் பாதி! எரிபொருளுக்குக் கொடுக்கும் காசை நாம் காண்கிறோம். வாகனம் ஒவ்வொரு மைலிலும் பெறுமதி குறைவதைக் காண்பதில்லை.

அதே வருடத்தில் மருத்துவத்துக்காக ஓடிய மைலுக்கு வீதம் 21 சதம் மட்டுமே. எரிபொருள், ஒயில் போன்று ஓடுவதால் கூடும் செலவுகளையே அது கணக்கில் எடுக்கிறது; தேய்மானத்தைச் சேர்ப்பதில்லை. தூரம் ஒன்றுதான், கணக்கு வேறு.

நமது கணக்கு

பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு லாண்ட்மாஸ்டரும் பெட்டியும் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை 8 இலட்சம் ரூபா. 40,000 கிலோமீற்றர் ஓடியபின் 4 இலட்சத்துக்கு விற்கலாம் என்றால், தேய்மானம் கிலோமீற்றருக்கு 10 ரூபா. 60,000 ரூபாவுக்குப் போட்ட டயர்கள் 20,000 கிலோமீற்றர் ஓடினால், டயர்ச் செலவு 3 ரூபா. ஆக, 20 கிலோமீற்றர் போய்வர, டீசலுக்கு மேலே 260 ரூபா செலவாகிறது.

டீசலுக்கு மட்டும் வாடகை பேசினால் இந்த 260 ரூபா யாரிடமிருந்து போகிறது? வாகனத்திலிருந்தே போகிறது. டயர் வெடிக்கும் நாளில்தான் அது தெரியவரும். அன்று கையில் காசு இல்லாமல் நகையை அடகு வைக்க வேண்டிவரும். ஊரையும் காணியையும் விட்டு வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வாகனம் இப்படி நம்மை விட்டுப் போகக்கூடாது.

அயலவர் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும்போது டீசல் காசு மட்டும் வாங்குவது நல்ல பண்பு. அது நாம் அறிந்து செய்யும் உதவியாக இருக்கட்டும். வியாபாரியின் மூட்டைக்கும் அதே கூலி என்றால், அது கணக்குத் தெரியாமல் விட்ட நட்டம்.

ஒரு கொப்பி போதும்

மைல் வீதப்படி கழிவைக் கோர, அமெரிக்க விவசாயியும் கணக்கு எழுதி வைக்க வேண்டும். திகதி, போன இடம், போன காரணம், ஓடிய தூரம் ஆகிய நான்கையும் காலந்தாழ்த்தாமல் எழுத வேண்டும். நாமும் அப்படியே ஒரு கொப்பியில் எழுதுவோம். கிடைத்த கூலியில் தேய்மானப் பங்கைப் பிரித்துச் சேமிப்பில் போடுவோம்.

கலந்துரையாடுவோம்

1. நமது வாகனத்துக்குக் கிலோமீற்றருக்கு என்ன செலவு? டீசல், டயர், திருத்தவேலை, தேய்மானம் என்று தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள்.

2. எந்தப் பயணங்களுக்கு முழுக் கூலி வாங்குவது, எவற்றுக்கு டீசல் காசு மட்டும் வாங்குவது?

3. தேய்மானப் பணத்தை யார் பொறுப்பில் வைப்பது?