கடனட்டையும் குறைந்தபட்சக் கொடுப்பனவும்

பற்றட்டையில் செலவாவது எமது கணக்கிலுள்ள பணம். கடனட்டையில் செலவாவது வங்கியின் பணம். உரிய திகதிக்குள் நிலுவை முழுவதையும் செலுத்தினால் கொள்வனவுகளுக்கு வட்டி இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் மீதிக்கு வட்டி சேரும்.

உதாரணம்: கல்முனையில் புதிதாகத் தொழிலில் சேர்ந்த இளைஞர் ஒருவரின் கடனட்டை நிலுவை ரூ. 50,000. வருட வட்டி 24%, குறைந்தபட்சக் கொடுப்பனவு 5% எனக் கொள்க.

மாதக் கொடுப்பனவு: ரூ. 2,500
மாத வட்டி (2%): ரூ. 1,000
கடனில் குறைவது: ரூ. 1,500

வட்டி வீதம் மாறக்கூடியது. 2020 இல் மத்திய வங்கி உச்ச வீதத்தை 18% ஆகக் குறைத்தது. 2022 ஏப்ரலில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பல வங்கிகள் 36% வரை அறவிட்டன. 36% எனின் மேற்படி கொடுப்பனவில் வட்டி ரூ. 1,500, கடனில் குறைவது ரூ. 1,000 மாத்திரமே.

கவனிக்க:
1. கடனட்டையால் காசு எடுத்தால் பொதுவாக அன்றிலிருந்தே வட்டி, கட்டணமும் உண்டு.
2. கொடுப்பனவு தவறினால் இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தில் பதிவாகும். பின்னர் வீட்டுக்கடன், தொழிற்கடன் பெறுவது கடினம்.

வினா: “குறைந்தபட்சத் தொகையைத் தவறாது செலுத்துபவருக்கு ஆபத்தில்லை.” ஏற்கிறீரா?

விடை: இல்லை. கொடுப்பனவின் கணிசமான பகுதி வட்டிக்கே செல்வதால் கடன் மெதுவாகவே குறையும். மீண்டும் அட்டையைப் பாவித்தால் கூடவும் செய்யும்.