ஏரி வருமானமும் ஊர்க்கணக்கும்

ஏரியானது நீர் தேங்கும் இடம் மாத்திரம் அன்று. ஊருக்கு வருஷந்தோறும் வருமானம் தரும் பொதுச் சொத்தும் ஆகும். நீர் குறையும் காலத்தில் பிடிபடும் மீன், கரையிலும் உட்புறத்திலும் வளரும் மரங்கள், அடியிற் படியும் வண்டல் ஆகிய யாவும் விலை பெறுவன. ஆனால், கரை அரித்தாலும், மதகு பழுதுற்றாலும், வரத்துக்கால் தூர்ந்தாலும் செலவும் உண்டு. ஏலத்தொகை ஒருவர் கையிற் சேர்ந்து, கரை உடைந்த நஷ்டம் வேறொருவர் வயலிற் சேருமாயின், அவ்வேரி நெடுநாள் நிலைபெறாது. ஆகவே, ஏரியின் வரவுக்கும் செலவுக்கும் யார், எப்பொழுது, எவர் முன்னிலையில் கணக்கு ஒப்புவிப்பது என்பதே ஊராட்சியின் முதல் வினாவாகும்.

இவ்வினாவுக்கு ஆயிரம் வருஷங்களுக்கு முன்னரே விடை எழுதி வைத்த ஊர் உத்தரமேரூர். காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள இவ்வூரில், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்துச் சாஸனங்கள் இரண்டு உள. அவற்றின் காலம் கி.பி. 919, 921 ஆகும். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு பாலனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்வர். இவ்வாறு வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்ஸர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியவர் ஆயினர். பதவிக்காலம் 360 நாள்.

குடவோலையைப் பற்றி அறியாதார் இலர். எனினும் அச்சாஸனத்தில் அதனினும் ஊன்றிப் படிக்கத்தக்கது, யார் யாருடைய பெயரை ஓலையில் எழுதலாகாது என்னும் பகுதியேயாகும். முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மறுபடி வரலாகாது. அவன் மாத்திரமோ? அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மருமகன் முதலிய உறவினரும் வரலாகாது. இது கடுமையான விதியாகத் தோன்றலாம். ஆனால் ஊர் நடப்பு அறிந்தவர்க்கு அதன் காரணம் எளிதிற் புலப்படும். பாக்கி வைத்தவன் தன் பெயரில் வாரான். மைத்துனன் பெயரில் வருவான். மேலும், மூன்று வருஷங்களுக்குள் வாரியத்தில் இருந்தவனும் விலக்கப்பட்டான். கணக்கெழுதுவோன் தான் எழுதிய கணக்கைத் தானே பெரியோர் முன் ஒப்புவித்து, நேர்மையானவன் எனத் தெளியப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணி பெறலாம்; அவன் கணக்கைப் பிறிதொருவன் முடித்து வைத்தல் கூடாது.

இச்சபை நிலமுடைய பிராமணருடைய சபை என்பதையும் மறைத்தல் தகாது. நிலமில்லாதாருக்கும் பெண்டிருக்கும் அங்கு இடமில்லை. பின்பற்றத்தக்கது அவ்வூரின் கணக்கு முறையேயன்றி, அதன் அங்கத்துவ முறை அன்று.

பிற்காலத்தில் ஆங்கிலேயர் பரிபாலனத்தில் நிலவரி நேராகச் சர்க்காருக்குச் சென்றது. கரை காக்கும் உழைப்போ குடிமராமத்து என்னும் பெயரால் ஊரார் தலைமேலேயே நின்றது. அவ்வழக்கத்தைச் சட்டத்தின் வலிமையால் நிலைநிறுத்த 1858ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமும் செய்யப்பட்டது. வருமானத்தை ஓரிடத்தும் உழைப்பை மற்றோரிடத்தும் வைத்த ஏற்பாடு சட்டத்தினால் மாத்திரம் நடைபெறாது என்பதை, பின்னர்த் தூர்ந்துபோன ஏரிகள் பலவும் காட்டின.

அரசியல் சாஸனத்தின் 73ஆவது திருத்தம் 1993ஆம் வருஷம் ஏப்ரல் 24ஆம் தேதி அமுலுக்கு வந்தது. சிறு பாசனம், மீன் வளம், பொதுச் சொத்துப் பராமரிப்பு ஆகியவை ஊராட்சிகளிடம் ஒப்புவிக்கத்தக்க 29 விஷயங்களுள் சேர்ந்தன. 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு இடமளித்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன் 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகியவையும் கிராம சபை நாட்களாயின. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆடவர், பெண்டிர் அனைவரும் அச்சபையின் அங்கத்தினரே.

சபையிற் படிக்கப்படும் கணக்கை எவ்வாறு நோக்குவது? கூட்டுறவுச் சங்கத்தினருக்கு இது புதிதன்று. கேட்பு, வசூல், பாக்கி என்னும் மூன்று பத்திகளே போதும். ஓர் ஊராட்சி ஏரியின் மீன் குத்தகை ரூ. 45,000-க்கு ஏலம் போனதென்றும், ரூ. 30,000 வசூலாயிற்று என்றும் வைத்துக்கொள்வோம். சபையில் ‘மீன் குத்தகை வரவு ரூ. 30,000’ என்று மாத்திரம் படித்தால் கணக்கிற் பிழையில்லை, ஆனால் ரூ. 15,000 கண்ணுக்குத் தெரியாது. அப்பாக்கி நிற்கும்பொழுதே மறு வருஷ ஏலம் நடைபெற்று, அதே குடும்பத்தார் வேறு பெயரில் எடுப்பாராயின், உத்தரமேரூரார் உறவு முறைகளை ஏன் கல்லில் வெட்டினர் என்பது விளங்கும். ‘கேட்பு எவ்வளவு? பாக்கி யார் பெயரில்?’ என்னும் இரண்டு கேள்விகளைச் சபையிற் கேட்டு, விடையைத் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதச் செய்தல் வேண்டும்.

மண்ணின் கணக்கோ இன்னும் நுட்பமானது. மீன் தொகை ஏலப் பட்டியலில் இருக்கும்; மண் இரவில் வண்டியேறிப் போய்விடும். எனினும் மண் எடுத்த குழி அங்கேயே கிடக்கும். 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள குழியிலிருந்து போனது 1,000 கன மீட்டர். அனுமதிச் சீட்டுகள் 400 கன மீட்டருக்கே இருப்பின், எஞ்சிய 600 கன மீட்டருக்கு விடை சொல்ல வேண்டியவர் உளர். வயலுக்கு வண்டல் எடுக்கும் உழவர் முறைப்படி அனுமதி பெற்று எடுப்பதும், பிறர் ஆழத் தோண்டி விற்பதும் ஒன்றல்ல. முன்னது ஏரியின் கொள்ளளவை மீட்கும். பின்னது சமமற்ற பள்ளங்களை உண்டாக்கி, மதகுக்கு எட்டாத நீரைத் தேக்கி, கரையின் அடியையும் தளர்த்தும்.

சபையில் விடை கிடையாவிடின், 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்து மூலம் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரப்படல் வேண்டும். ஏலப் பதிவு, ரசீது நகல், அளவுப் புஸ்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கோருவதோடு, வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும் அச்சட்டம் உரிமை தருகிறது. குழியை அளப்பதாயின் நாடாவும் இரண்டு சாட்சிகளும் கொண்டு கோடையிலேயே அளந்துவிடுதல் நலம். வடகிழக்குப் பருவமழை இறங்கி ஏரி நிறைந்தபின், அடுத்த வருஷம் நீர் வற்றும் வரையில் அக்குழியை ஒருவராலும் அளக்க இயலாது.