ஓவியருக்கும் பாயிரம் வேண்டும்

குற்றாலத்தில் அருவியாடித் திரும்புவோர் பலர் சித்திரசபைக்கும் சென்று வருவர். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இங்கு இறைவன் ஓவிய வடிவிலேயே வழிபடப்பெறுகிறான். சுவர்களெங்கும் வண்ண ஓவியங்கள். அவற்றைக் கண்டு வியக்கும் நாம், வரைந்தவர் யார் என்று வினவுவதில்லை. கோயிற்சுவரில் வரைந்தவர் தம்மைப் பற்றி எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை; காண வருவோர்க்குக் கடவுளும் தெரியும், கதையும் தெரியும். இன்றைய ஓவியர் நிலை வேறு. நுண்கலைக் கல்லூரியில் சேரவும், கண்காட்சியில் படம் வைக்கவும், உதவித்தொகை பெறவும் தம்மையும் தம் கலையையும் விளக்கி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டியவராகிறார். அத்தகைய தன்னுரையை எழுதும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தற்புகழ்ச்சி ஆகாதா?

தம்மைத் தாமே புகழ்வது தகாது என்பது நம் மரபு. ஆயினும் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நான்கு இடங்களில் அதற்கு விலக்கு அளிக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தம் ஆற்றலை அறியாதாரிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிரி பழிக்கும்போது என்பன அவை. விண்ணப்பம் எழுதும் ஓவியர் முதல் இரண்டினுள் அடங்குவார் அன்றோ? எனவே கூச்சம் வேண்டியதில்லை.

எழுத வேண்டுவன

என்ன எழுதுவது என்பதற்கும் நன்னூலே வழிகாட்டுகிறது. சிறப்புப் பாயிரத்தில் ஆசிரியர் பெயர், வந்த வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் விளங்க வேண்டும் என்பர். ஓவியருக்கு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். 'வழி' என்பது யாரிடம், எதிலிருந்து கற்றோம் என்பது. 'எல்லை' நாம் வாழ்ந்து வரையும் நிலம். 'யாப்பு' நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா, மைக்கோடா, அதை ஏன் தேர்ந்தோம் என்பது. 'கேட்போர்' என்பதைக் 'காண்போர்' என்று கொள்ளலாம். இவற்றுள் ஒன்றேனும் புகழுரை இல்லை, எல்லாம் செய்திகளே.

ஒரு மாணவரின் தன்னுரை

வடகரையிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர், நுண்கலைக் கல்லூரிக்கு அனுப்பத் தாம் எழுதியதை என்னிடம் காட்டினார். "கலை என் உயிர்மூச்சு, சிறுவயது முதலே ஓவியத்தில் தணியாத ஆர்வம் கொண்டவன்" என்று தொடங்கியது. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவருடைய படங்களிலோ பாதி அழிந்த சுவரெழுத்துகள் மீண்டும் மீண்டும் வந்தன. "இவை எங்கிருந்து வந்தன, தம்பி?" என்றேன். சற்றுத் தயங்கி, "அப்பா கடைப் பலகை எழுதுகிறவர். அதைப் போய் எழுதுவதா, ஐயா?" என்றார்.

தலையாய செய்தியாகிய 'வழி'யையே அவர் நாணத்தால் மறைத்துவிட்டார். மறுநாள் இவ்வாறு எழுதி வந்தார்: "என் தந்தை கடைப் பலகை எழுதுபவர். நூலில் சுண்ணப்பொடி தோய்த்துக் கோடு அடித்துத் தருவது என் வேலை. ஃபிளெக்ஸ் வந்தபின் அத்தொழில் குறைந்தது. மங்கிவரும் அவ்வெழுத்துகளையே நான் வரைகிறேன்." நான்கே வாக்கியங்கள். ஆனால் இவற்றை வேறு யாரும் எழுத இயலாது. வீட்டில் தந்தைக்குப் படித்துக் காட்டியதாகவும் சொன்னார்.

இதில் நாணத்திற்கு இடமில்லை என்பதற்குக் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) சான்றாவார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர் நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதினார். பின்னர் அவர் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகளில் அச்சாகி வீடுதோறும் சென்றன. படங்களில் தம் பெயரோடு மாணாக்கர் பெயரையும் பொறித்தார். அந்த ஒரு வரியே அவருடைய தன்னுரை எனலாம்.

முடிவுரை

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி எடுத்தவுடன் கையைப் பார்த்துக் குறி சொல்லிவிடுவதில்லை. தன் மலையையும், குலத்தையும், தன் குறியின் திறத்தையும் வசந்தவல்லிக்குச் சொன்ன பிறகே கை பார்க்கிறாள். ஓவியம் பயிலும் நண்பர்களும் அவ்வாறே தம் மலையை முதலில் சொல்லட்டும். படம் பிறகு பேசும்.